பார்சலுக்குப் போட்ட கையெழுத்து

தம்பி,

இந்தக் கடிதம் ஒட்டாத உறையில் வருகிறது. ஒட்டினாலும் பிரிப்பார்கள், ஒட்டாமலே அனுப்புங்கள் என்று உன் சட்டத்தரணி சொன்னார். முதலில் நீதிமன்றம் வைத்திருக்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இதை வாசிப்பார். பிறகு அவர் ஜெர்மனில் எழுதிக் கொடுப்பதை நீதிபதியும் அரசதரப்புச் சட்டத்தரணியும் வாசிப்பார்கள். எல்லாரும் வாசித்து முடித்த பிறகுதான் உன் கைக்கு வரும். அப்பா ஒன்றும் விளங்காமல் வாயை விட்டுவிட்டார் என்று நினைக்காதே. விளங்கித்தான் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல, உன் பழைய தமிழ்ப் பள்ளிக்கூடத்துச் சாந்தி ரீச்சர் எழுதுகிறார். சனிக்கிழமைகளில் நீ அழ அழ உன்னை ட்ராமில் ஏற்றிக் கொண்டுபோய் அவரிடம் விட்டேனே, அந்தப் புண்ணியத்தில் இதை நீயே வாசிக்கலாம். எழுதுவிக்கிற எனக்குத்தான் இதில் ஒரு எழுத்தும் தெரியாது.

அடுத்த கிழமை உன் வழக்கு. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்திருக்கிறது. நீ என்னிடம் கேட்டதற்கு ஏழு மாதமாக நான் பதில் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ கேட்ட இடத்தை நான் மறக்கமாட்டேன். காலை ஆறு மணி. தேத்தண்ணீருக்குக் கேத்திலைப் போட்டுவிட்டு நிற்கிறேன், கதவு பிளந்துகொண்டு உள்ளே விழுந்தது. முகமூடி போட்ட பொலிஸ்காரர் எத்தனை பேர் என்று எண்ண முடியவில்லை. நம் இருவரையும் கொரிடோரில் குப்புறப் படுக்கவைத்துக் கையைப் பின்னால் கட்டினார்கள். உன் முகமும் என் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. அப்போதுதான் நீ தமிழில் சொன்னாய்:

“அப்பா, பார்சலெல்லாம் உங்கடை எண்டு சொல்லுங்கோ. உங்கடை பேர்தானே அதிலை இருக்கு. உங்களுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, வயசும் போட்டுது. உங்களை ஒண்டும் செய்ய மாட்டினம்.”

முகமூடிக்காரன் குனிந்து, என்ன சொன்னாய் என்று உன்னைக் கேட்டான். நீ கண்ணை என்னிடமிருந்து எடுக்காமல் அவனுக்கு ஜெர்மனில் பதில் சொன்னாய். குளிசை குடிக்கச் சொன்னேன், அவருக்குப் பிறஷர் என்றாய். அந்த அளவு ஜெர்மன் எனக்கும் விளங்கும். அவன் பாவம், எழும்பிப் போய் என் குளிசைப் பெட்டியைத் தேடி எடுத்து, என்னை இருத்தி, கைவிலங்கை முன்பக்கம் மாற்றி, ஒரு கிளாஸ் தண்ணீரும் தந்தான். நான் குளிசையை விழுங்கினேன். அதோடு சேர்த்து நீ சொன்னதையும் விழுங்கிவிட்டு இன்றுவரை வாய் திறக்காமல் இருக்கிறேன்.

சிறையில் உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் நமக்கு நடுவில் ஒரு காவலாளியும் மொழிபெயர்க்கிற அந்த அக்காவும் இருக்கிறார்கள். “ஆறுதலாய்ச் சொல்லுங்கோ ஐயா, நான் எழுத வேணும்” என்று அவர் சொல்லும்போது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வருகிறது. எனக்கும் இந்த நாட்டுக்கும் நடுவில் இருபது வருஷம் நீ நின்றாய். இப்போது உனக்கும் எனக்கும் நடுவில் இன்னொரு ஆள் நிற்கிறார். போன முறை நீ எழும்பிப் போகும்போது, “அண்டைக்குச் சொன்னதை மறந்திடாதேங்கோ அப்பா” என்றாய். எதைச் சொல்கிறாய் என்று அந்த அக்கா கேட்டார். “குளிசையைத்தான் அக்கா” என்றாய். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

நீ எங்கே இதைப் பழகினாய் என்று ஏழு மாதமாக யோசிக்கிறேன். வெளியில் தேடத் தேவையில்லை.

உனக்கு ஆறு வயது. எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லாத காலம். ஆனால் ஒரு உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் தெர்மின், வரச்சொல்லி நாள் குறித்திருந்தார்கள். முன்னாலிருந்த பெண் ஏதோ கேட்டார். நீ என்னைத் திரும்பிப் பார்த்து, “அப்பா வேலைக்குப் போறீங்களோ எண்டு கேக்கிறா” என்றாய். சவர்க்காரம் தின்று வெளுத்திருந்த என் கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டு, “இல்லை எண்டு சொல்லு” என்றேன். நீ என் கையைப் பார்த்தாய். முகத்தைப் பார்த்தாய். பிறகு திரும்பி, வடிவான ஜெர்மனில், இல்லை என்றாய். அந்தப் பெண்ணுக்கு உன்னைப் பிடித்துவிட்டது. இழுப்பறையைத் திறந்து ஒரு பிடி ஜெலி இனிப்புத் தந்தார். ட்ராமில் வரும்போது அதில் சிவப்பு நிறமானதைப் பொறுக்கி எனக்குத் தந்தாய். நானும் வாங்கித் தின்றேன்.

அதே வருஷம்தான் எனக்குக் கையெழுத்துப் பழக்கினாய். எந்த அன்ட்ராக் விண்ணப்பத்திலும் நான் பெருவிரலை நீட்ட, அலுவலகத்தில் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பது உனக்கு வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடக் கொப்பியில் என் பெயரை ஜெர்மன் எழுத்தில் எழுதி, அதன்மேல் என்னைத் திரும்பத் திரும்ப எழுத வைத்தாய். “அப்பா, இது வீடு மாதிரி, இது கொக்கி மாதிரி. பேனையை எடுக்காமல் போங்கோ.” எழுத்து எனக்கு வரவில்லை. அந்தப் படத்தை மட்டும் கை பிடித்துக்கொண்டது. நீ காட்டுகிற இடத்தில் அந்தப் படத்தைக் கீறுவேன். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் உன்னைத் துருவிக் கேட்டதில்லை. நீ சொன்னால் சரி.

பிறகு உன் அம்மா. இந்த இடத்தில் ரீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனார். உனக்குப் பதின்மூன்று வயது. ஆஸ்பத்திரியில் டொக்டர் நெடுநேரம் பேசினார். பேசி முடித்து உன் தோளில் கை வைத்தார். அம்மாவும் நானும் உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ சொன்னாய், “மருந்து வேலை செய்யுதாம். ஆனால் மெல்ல மெல்லத்தானாம்.” அம்மா சிரித்தார். வீட்டுக்குப் போனதும் இடியப்பம் அவிக்க வேண்டும் என்றார். இரண்டு மாதம் கழித்து அவரை எரித்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னாய். குளிர்காலத்தைத் தாண்டமாட்டார் என்று டொக்டர் அன்றே சொல்லியிருக்கிறார். இரண்டு மாதம் அதை நீ தனியே சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாய். அன்றைக்கு நான் என்ன செய்தேன்? உன்னைக் கட்டிப்பிடித்து, “நல்ல வேலை செய்தாய் ராசா, அவ நிம்மதியாய்ப் போனா” என்றேன்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அம்மாவுக்கு ஊரில் ஒரு தங்கச்சி இருந்தார், கடைசியாக ஒருதரம் பேசியிருக்கலாம். எனக்கும் அவரிடம் சொல்ல ஒன்றிரண்டு விஷயம் இருந்தது. அந்த இரண்டு மாதத்தை எங்கள் இருவரிடமிருந்தும் எடுத்தது ஒரு குழந்தையின் பயம். அதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் டொக்டருக்கு முன்னால் மொழிபெயர்க்க உன்னை இருத்தியது என் பிழை. பிறகு உன்னை மெச்சியது அதைவிடப் பெரிய பிழை. மறைத்தால் அன்பு என்று உனக்கு அன்றைக்கு நான்தான் முத்திரை குத்திக் கொடுத்தேன்.

அதன் பிறகு வந்த கடிதங்களில் எத்தனையை உள்ளபடி வாசித்தாய் என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை. ஒன்று மட்டும் தெரியும். போன வருஷம் மூன்று பார்சல் என் பெயருக்கு வந்தது. கொண்டுவந்த பெடியன் கருவியை நீட்ட, அதன் கண்ணாடியில் விரலால் என் படத்தைக் கீறினேன். “சைக்கிள் சாமான் அப்பா, நான் வேலைக்குப் போற நேரம் வருது, அதுதான் உங்கடை பேர் போட்டனான்” என்றாய். நாலாவது வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது, உறையில் கழுகுப் படம். நான் அதை உன்னிடம் நீட்டி, அரசாங்கத்துக் கடிதம் போலக் கிடக்குது என்றேன். நீ பிட்டைத் தின்றுகொண்டே ஒரு கையால் பிரித்துப் பார்த்து, “காப்புறுதிக்காரர் அப்பா. புது காட் அனுப்பப் போகினமாம்” என்றாய். அது சுங்கத்திலிருந்து வந்த கடிதம் என்று பொலிஸ்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பார்சலைத் தடுத்து வைத்திருக்கிறோம், உள்ளே இருப்பது ஆயுதச் சாமான் என்று எனக்கு எழுதியிருந்தார்கள். எனக்கு, தம்பி. என் பெயருக்கு. நான் புது காட் வரும் என்று ஒரு மாதம் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன்.

உன் கையை நான் எவ்வளவு பெருமையாக நினைத்தேன் என்று உனக்குத் தெரியுமா? இரும்பு கடையும் வேலைக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்து, கடைசிச் சோதனைக்கு நீ செய்த அந்தச் சின்ன உருக்குக் கட்டையை ரீவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். வருகிறவர்களிடம் எடுத்துக் கொடுத்து, தடவிப் பாருங்கோ, மயிர் நுழைய இடமில்லை என்பேன். பொலிஸ்காரர் அதையும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்கள். அது பள்ளிக்கூடத்துச் சோதனைச் சாமான் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். “ஸூலே, ஸூலே” என்று கத்தினேன். ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே நிலவறையில், அம்மாவின் சீலைகள் இருந்த சூட்கேஸிலிருந்து மற்றச் சாமானை எடுத்தார்கள். ஒரு சீலையை விரித்து அதன்மேல் அடுக்கிப் படம் பிடித்தார்கள். உன் பிறந்தநாளுக்கு அம்மா உடுத்த மயில்கழுத்து நிறச் சீலை. ஒவ்வொன்றும் விரல் நுனி அளவு இரும்புத் துண்டு. அதைக் கைத்துப்பாக்கியில் பூட்டினால், ஒருதரம் அமத்த, விரலை எடுக்கும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும் என்று பிறகுதான் எனக்கு விளங்கப்படுத்தினார்கள். பார்சலில் வந்ததைப் பார்த்து நீயே செய்யவும் தொடங்கியிருக்கிறாய். நன்றாகச் செய்திருக்கிறாயாம். அதையும் சொன்னார்கள்.

உன் சட்டத்தரணியிடம் ரீச்சரைக் கூட்டிக்கொண்டு போனேன். “அவன் ஆரையும் சுடேல்லையே அம்மா, ஒரு சின்னத் துண்டுதானே” என்றேன். ரீச்சர் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னார்: “சட்டம் துண்டைப் பார்க்கிறேல்லையாம் ஐயா, அது செய்யிற துவக்கைத்தான் பார்க்குமாம். அனுமதி இல்லாமல் கைத்துப்பாக்கி வச்சிருந்தால் ஒரு குற்றம். அதை இப்பிடிச் சுடுற துவக்காய் மாத்தினால் அது வேறை, பெரிய குற்றம். சுட்டாத்தான் எண்டில்லை. செய்தால் போதும், வச்சிருந்தால் போதும், வித்தால் போதும். ஒரு வருஷத்துக்குக் குறையாமல் ஐஞ்சு வருஷம் வரை. வியாபாரமாய்ச் செய்ததெண்டு கண்டால் பத்து வருஷம் வரையும் போகலாமாம்.” பிறகு உன் சட்டத்தரணி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தகப்பன், பேசாமல் இருக்கச் சட்டம் எனக்கு உரிமை தந்திருக்கிறது. பேசினால் உண்மைதான் பேச வேண்டும். சாட்சிக் கதிரையில் பொய் சொன்னால் அது தனிக் குற்றம். எனக்குக் குற்றத்தைப் பற்றிப் பயமில்லை. எழுபத்தொரு வயதில் எந்தச் சிறையும் எனக்கு நீளமில்லை. உண்மையைச் சொன்னால், அவருடைய அறையிலிருந்து வெளியே வரும்போது நீ கேட்டபடி சொல்வதென்றுதான் நினைத்தேன்.

அந்த நினைப்பு ஒரு சுவரைப் பார்க்கும்வரைதான் இருந்தது. நீ விற்ற துண்டுகளில் ஒன்று பூட்டிய துப்பாக்கியால் பக்கத்து ஊரில் சூடு நடந்தது என்று உன் சட்டத்தரணி சொல்லியிருந்தார். அரத்தின் கீறலை வைத்து, அது உன் கைவேலை என்று நிபுணர் எழுதியிருக்கிறாராம். தெருவின் பெயரை ரீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு மத்தியானம் தனியே ரயில் ஏறிப் போனேன். ஒரு முடிவெட்டும் கடை. அதன் பக்கத்துச் சுவரில் வெள்ளைச் சீமெந்து பூசிய ஓட்டைகள். முதலாவது என் முழங்கால் உயரத்தில். அடுத்தது கொஞ்சம் மேலே, அடுத்தது இன்னும் மேலே. அப்படியே சரிந்து ஏறி முதலாம் மாடி ஜன்னலில் போய் முடிகிறது. நான் அந்த இடத்திலேயே குந்திவிட்டேன். கடைக்காரன் வெளியே ஓடிவந்தான். “என்ன ஓப்பா, தலை சுத்துதோ?” என்று, தாத்தாவைக் கூப்பிடுவது போல, தன் ஜெர்மனில் கேட்டான். நான் சுவரைக் காட்டினேன். அவன் ஜன்னலைக் காட்டி, பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போலச் செய்தான். பிறகு தன் வலது தோளில் வெட்டுவது போலச் செய்து, “ஹான்ட் கபுட். ஃபிராவ். ஹான்ட் கபுட்” என்றான். ஜன்னலில் நின்ற பெண்ணுக்குக் கை போய்விட்டதாம். சுட்ட பெடியன் யாரையோ வெருட்ட நிலத்தைப் பார்த்துத்தான் சுட்டானாம். அவன் கத்தியதைக் கடைக்காரன் ஒரு விரலை மடக்கிக் காட்டிச் சொன்னான். “ஐன்மால், ஓப்பா. நூர் ஐன்மால்.” ஒருதரம்தான். ஒரேயொரு தரம்தான்.

உனக்கு ஒரு சித்தப்பா இருந்தான். அவனைப் பற்றி நான் ஏன் உன்னிடம் ஒருநாளும் பேசவில்லை என்று நீ கேட்டதுண்டு. ஷெல் விழுந்து செத்தான் என்று சொன்னேன். அது பொய். யோகனுக்குப் பத்தொன்பது வயது. அவனோடு படித்த பெடியன் ஒருவன் இயக்கத்துக்குப் போய், ஒரு பின்னேரம் துவக்கோடு எங்கள் வளவுக்கு வந்தான். காட்டுவதற்குத்தான் கொண்டுவந்தான். யோகன் சைக்கிளில் இருந்தபடியே, “டேய், உது வெடிக்குமோ, இல்லாட்டி சும்மா பாரத்துக்குத் தந்தவையோ?” என்று பகிடி விட்டான். அவன் சிரித்துக்கொண்டே திருப்பினான். சைக்கிள் சில்லில் தொடங்கி, யோகனைத் தாண்டி, சுவரில் ஏறி, ஓட்டில் போய்த்தான் நின்றது. மூன்று தரம் மூச்சு விடுகிற நேரம் இல்லை. அந்தப் பெடியன் துவக்கை எறிந்துவிட்டு என் காலைப் பிடித்தான். “அண்ணை, ஒருக்காத்தான் அமத்தினனான். சத்தியமாய் ஒருக்காத்தான் அண்ணை.” அந்தச் சுவரை நான் பூசவில்லை. நாட்டைவிட்டு வரும்வரை ஒவ்வொரு நாளும் பார்த்தேன். அதே சரிவு, தம்பி. முழங்காலில் தொடங்கி, வலது பக்கமாக ஏறுகிற அதே கோடு. அதை ஜெர்மனியில், என் மகன் செய்த இரும்பில், இன்னொரு தரம் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை. யோகன் எப்படிச் செத்தான் என்று உனக்குச் சொல்லியிருந்தால் நீ அந்தத் துண்டைத் தொட்டிருப்பாயா? தெரியாது. தொட்டும் இருப்பாய். ஆனால் நான் சொல்லவில்லை. எனக்கும் மறைக்கத் தெரியும்.

ஆகவே என் பதில் இதுதான். உனக்கு முன்னால் நீதிபதி இதை வாசிக்கட்டும். பார்சல் என்னுடையது என்று நான் சொல்லமாட்டேன். பேசாமல் இருக்கவும் மாட்டேன். கையெழுத்து என்னுடையது, உள்ளே இருந்தது என்னவென்று எனக்குத் தெரியாது, என்னைப் பொய் சொல்லக் கேட்டவன் என் மகன் என்று சொல்வேன். அவனுக்கு ஆறு வயதில் முதல் பொய்யைச் சொல்லிக் கொடுத்தவன் நான் என்பதையும் சொல்வேன். அதற்கு அவர்கள் சட்டத்தில் இடம் இருக்கிறதோ தெரியாது, இருந்தாலும் சொல்வேன். இதனால் உனக்கு எத்தனை வருஷம் கூடும் என்று ரீச்சரைக் கேட்டேன். அது நீதிபதி தீர்மானிப்பது என்றார். நீ வெளியே வரும்போது நான் இருப்பேன் என்று உனக்கு நான் எழுதுவிக்கப் போவதில்லை. என் நெஞ்சைப் பற்றி டொக்டர் சொன்னதை ரீச்சர் உள்ளபடியே எனக்குச் சொல்லிவிட்டார். நான் அவரிடம் அதைத்தான் கேட்டேன்.

உனக்கு ஆறுதலாக ஒன்றும் என்னிடம் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. அந்தப் பெண்ணுக்குக் கை திரும்பி வராது. நீ இதை வாசித்துவிட்டு என்னைப் பார்க்க மறுக்கலாம். இரண்டு கிழமைக்கு ஒருதரம் வந்து வாசலில் நிற்பேன், கூப்பிட்டால் உள்ளே வருவேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அங்கே எழுத்துத் தெரியாத ஆட்கள் இருப்பார்கள். நீ கெட்டிக்காரன் என்று கண்டு கடிதத்தைக் கொண்டுவந்து உன்னிடம் நீட்டுவார்கள். எழுதியிருப்பதை மட்டும் வாசி. கெட்ட செய்தி என்றாலும் வாசி. அவர்கள் அழுதால் அழட்டும், நீ பக்கத்தில் இரு.

கீழே இருப்பது நீ பழக்கிய கையெழுத்து. பார்சல் கொண்டுவந்த பெடியனின் கருவியில் இருப்பதும் இதுதான், அலுவலகங்களில் நீ காட்டிய இடத்திலெல்லாம் இருப்பதும் இதுதான். ரீச்சர் இந்தக் கடிதத்தை மூன்று தரம் எனக்கு வாசித்துக் காட்டிவிட்டார். இரண்டு இடத்தில் இரக்கப்பட்டு மென்மையாக எழுதியிருந்தார், திருத்தச் சொன்னேன். திருத்தியதையும் வாசித்தார். என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாகத் தெரிந்துகொண்டு என் ஆயுளில் நான் போடுகிற முதல் கையெழுத்து இது.

உன் அப்பா